வாசகர் கேள்வி – பதில்: பலாவுக்குப் பங்காளியான மரம்

சென்ற இதழில் அவிநாசியைச் சேர்ந்த வாசகர் ஒருவர், தஜிகிஸ்தானின் தலைநகரான துஷான்பேயில் மருத்துவம் படிக்கும் தம் அண்ணன் மகன் அனுப்பிய காணொளியைப் பற்றி எழுதியிருந்தார். அதில் ஒரு முதியவர் தோல் போர்த்த தந்தி வாத்தியம் ஒன்றை மடியில் வைத்து வாசித்தபடி பாடினார் என்றும், அது என்ன வாத்தியம் என்றும் கேட்டிருந்தார். ‘அது பாமிர் ருபாப்’ என்று நான்கே வரிகளில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். நான்கு வரி போதாது என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு வாத்தியத்துக்கே ஒதுக்குகிறேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோபிசெட்டிபாளையம்: ருபாப் என்று தேடினால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல வாத்தியங்களின் படங்கள் வருகின்றன. தாங்கள் சொன்ன பாமிர் ருபாப்பை எப்படி அடையாளம் காண்பது?

குழப்பம் தங்களுடையது அன்று, பெயருடையது. நடு ஆசியாவில் ருபாப் என்பது ஒரே வாத்தியத்தின் பெயராக இல்லாமல், ஊருக்கு ஊர் உருவம் மாறும் பல வாத்தியங்களின் பொதுப்பெயராக வழங்குகிறது. தஜிக் மொழியில் அதை ‘ருபோப்’ என்பார்கள். ஆப்கானியர்களின் ருபாப் குட்டையாகப் பருத்த உடலும், முதன்மைத் தந்திகளுக்குக் கீழே தாமாக அதிர்ந்து ஒலிக்கும் துணைத் தந்திகளும் கொண்டது. வடஇந்திய சரோத் வாத்தியம் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது இந்த ஆப்கானிய ருபாப்பிலிருந்துதான். காஷ்கர் ருபாப் என்ற இன்னொன்று நீண்டு மெலிந்த கழுத்தும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் பிறைபோல் வளைந்த இரண்டு கொம்புகளும் உடையது. அதன் கழுத்தில், விரல் வைக்கும் சுர இடங்களைக் குறிக்கும் மெட்டுகள் உண்டு.

தஜிகிஸ்தானின் கிழக்கு மலைப்பகுதியான பாமிரில் வழங்கும் ருபாப்புக்கு மெட்டு கிடையாது. ஆறு தந்திகள் கட்டுவது வழக்கம். வீணைக்காரர்களின் சொற்களிலேயே சொல்வதானால், குடமும் (உடலும்) தண்டியும் (கழுத்தும்) ஒரே மரத்துண்டில் குடையப்பட்டவை. இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்வதில்லை. தஞ்சாவூரில் ஒரே கட்டையில் குடையும் வீணையை ஏகாண்ட வீணை என்று உயர்வாகச் சொல்கிறோம் அல்லவா? பாமிர் மலையில் ஏகாண்டமே இயல்பான வழக்கம். வீணைக் குடத்தின் வாயை மரப்பலகையால் மூடுகிறோம். அவர்கள் ஆட்டுத்தோலால் மூடுகிறார்கள். விரல் நகத்தால் மீட்டாமல் சிறிய மரச்சில்லு ஒன்றைப் பிடித்து மீட்டுவார்கள். தந்திகளைத் தாங்கும் குதிரை தோலின் மேல் நிற்பதால் ஒவ்வொரு மீட்டுக்கும் தந்தியின் நாதத்தோடு பறையடித்தாற்போன்ற ஓர் அதிர்வும் சேர்ந்தே வரும். இந்த இரட்டை ஒலியை ஒருமுறை காதில் வாங்கிவிட்டால், பிறகு படம் பார்த்து அடையாளம் காண வேண்டிய தேவை இராது.

ஒரு தாய், பொள்ளாச்சி: என் மகனும் துஷான்பேயில்தான் படிக்கிறான். போன ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது இந்த வாத்தியத்தை வாங்கி வந்தான். வந்த புதிதில் கணீரென்று ஒலித்தது. ஆடி மாதம் மழை பிடித்ததும் தோல் தொய்ந்து ஓசை மழுங்கிவிட்டது. பக்கத்து ஊரில் வாத்தியம் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் பழைய தந்திகளை எடுத்துவிட்டுக் கிதார் கம்பிகளைப் பூட்டித் தந்தார். இப்போது குதிரை தோலுக்குள் அமுங்கி நிற்கிறது. மகன் அடுத்த மாதம் வருகிறான். அதற்குள் சரிசெய்ய முடியுமா?

அம்மா, இந்த இதழ் தங்கள் கைக்கு வந்தவுடன் முதல் வேலையாகத் தந்திகளை முறுக்கும் பிரடைகளைத் தளர்த்தி அந்த எஃகுக் கம்பிகளை எடுத்துவிடுங்கள். ஒரே கம்பியை முழுதாக அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாக் கம்பிகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் பாரம் விழுந்தால் குதிரை சாயும், சாய்ந்த குதிரையின் கால் தோலைக் கிழிக்கும்.

பழுது பார்த்தவர் மனமறிந்து கெடுத்திருக்க மாட்டார். கம்பி என்றால் எஃகு என்றே அவருக்குப் பழக்கம். பாமிர் ருபாப்புக்கு முற்காலத்தில் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த நரம்பைக் கட்டினார்கள். இப்போது பெரும்பாலும் நைலான், பல ஊர்களில் மீன்பிடி நைலான் நரம்பையே கட்டுகிறார்கள். அந்த இழுவிசையைத் தாங்கும் அளவுக்குத்தான் தோலும் தண்டியும் மரப்பிரடைகளும் அமைந்திருக்கின்றன. எஃகுக் கம்பியைச் சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை மிகுந்து, அதன் அழுத்தம் குதிரையின் வழியாகத் தோலில் இறங்குகிறது. தங்கள் வீட்டில் குதிரை அமுங்கியது இதனால்தான். தூண்டில் பொருள்கள் விற்கும் கடையில் மூன்று பருமன்களில் நைலான் நரம்பு வாங்கி, கீழ்ச்சுருதிக்குப் பருத்ததையும் மேல்சுருதிக்கு மெல்லியதையும் கட்டலாம். தந்தியை நம் முன்னோர் ‘நரம்பு’ என்ற சொல்லால்தான் குறித்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

தோல் தொய்ந்ததற்குக் காரணம் தங்கள் ஊரின் காற்று. பாமிர் வட்டாரத்தின் பெரிய ஊரான கோரோக் ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரத்தில் இருந்தாலும், ஊட்டியில் பெய்யும் மழையில் ஒரு சிறு பங்குதான் அங்கே பெய்கிறது. அந்த வறண்ட காற்றில் இழுத்து ஒட்டிய தோல் பாலக்காட்டுக் கணவாயின் ஈரக்காற்றைக் குடித்தால் தளரத்தான் செய்யும். நம் ஊர்ப்பக்கம் அண்ணன்மார் கதை பாடும் பாட்டுக்காரர்கள் பனி இறங்கும் நடுச்சாமத்தில் வைக்கோலைக் கொளுத்தி உடுக்கையின் முகத்தைக் காட்டிக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வைத்தியத்தை இதற்குச் செய்துவிடாதீர்கள். உடுக்கையின் தோல் கயிற்றால் கட்டப்பட்டிருப்பது; தொய்ந்தால் கயிற்றை இறுக்கிக்கொள்ளலாம். ருபாப்பின் தோல் மரத்தோடு ஒட்டப்பட்டிருப்பது. அனல் பட்டால் பசை விடும், குடைந்த மரம் வெடிக்கும். நரம்பைத் தளர்த்திய நிலையில் மின்விசிறிக்கு அடியில், வெயில் படாத இடத்தில் நான்கைந்து நாள் வையுங்கள். பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை உறைக்குள் போட்டு மூடிவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொட்டலங்களை மாற்றுங்கள். தோலில் கிழிசல் இல்லாவிட்டால் பெரும்பாலும் பழைய இறுக்கம் திரும்பும். கிழிந்திருந்தாலும் கலங்க வேண்டாம். தோல் மாற்றுவது அந்த வாத்தியத்தின் வாழ்நாளில் பலமுறை நடக்கும் வேலைதான். மரம் நலமாக இருந்தால் வாத்தியமும் நலமாகவே இருக்கிறது.

கல்லூரி மாணவி, ஈரோடு: தோல் போர்த்த பத்தர் (ஒலிக்கும் குடம்) சங்ககால யாழுக்கும் இருந்தது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இந்த ருபாப் நம் யாழிலிருந்து போனதுதானே? என் வகுப்புத் தோழர்கள் அப்படித்தான் பகிர்ந்து வருகிறார்கள்.

தாங்கள் படித்தது சரி; தோழர்களின் முடிவு சரியன்று. பொருநராற்றுப்படையின் தொடக்கத்திலேயே யாழின் வருணனை வருகிறது. மானின் குளம்பு பதிந்த தடம்போல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர் என்றும், விளக்கின் சுடர் நிறத்தில் இழுத்துப் போர்த்த தோல் என்றும் அப்புலவர் பாடுகிறார். தோலுக்கு அவர் ஆளும் சொல் ‘பச்சை’. பாமிர் ருபாப்பை விளக்கொளியில் பார்க்கும்போது இந்த வரி எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. நன்றாகப் பதப்பட்ட ஆட்டுத்தோலின் நிறம் சுடரின் நிறம்தான்.

ஆனால் ஓர் உறுப்பு ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது. யாழ், கோடு எனப்படும் வளைந்த தண்டில் நரம்புகளைக் கட்டிய வாத்தியம். அதில் ஒரு நரம்பு ஒரு சுரத்தைத்தான் தரும். ஏழு சுரம் வேண்டுமானால் ஏழு நரம்பு வேண்டும். ருபாப்பில் கழுத்து உண்டு. தந்தியைக் கழுத்தின்மேல் விரலால் அழுத்தி, ஒரே தந்தியிலிருந்து பல சுரங்களை எடுக்கிறார்கள். அடிப்படைப் பொறிமுறையே வேறு. தோல் போர்த்துவதோ, மரத்தைக் குடையவும் ஆடு வளர்க்கவும் தெரிந்த எந்த மக்களும் தாமாகவே கண்டறியக்கூடியது.

கொங்கு நாட்டின் இசைத் தொன்மைக்குச் சான்று வேண்டுமென்றால் தங்கள் ஊருக்கு அருகிலேயே அறச்சலூர் மலைக் குகையில் தாளத்துக்குரிய தத்தகாரச் சொற்கட்டைத் தமிழ் பிராமி எழுத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் தோழர்களை அழைத்துச் சென்று அதைக் காட்டுங்கள்.

கைத்தறி நெசவாளர், சென்னிமலை: அந்தக் காணொளியில் முதியவர் பாடியது மகிழ்ச்சியான பாட்டாகத் தெரியவில்லை. மொழி புரியாவிட்டாலும் தறியை நிறுத்திவிட்டு இருமுறை கேட்டேன். என்ன பாடுகிறார்கள்?

தங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. காணொளியை அவிநாசி வாசகர் எனக்கும் அனுப்பியிருந்தார். அது மத்தோ என்ற வகையைச் சேர்ந்த பக்திப் பாடல். அதைப் பாடுபவரை மத்தோகான் என்பார்கள்.

பாமிர் மலைவாழ் மக்களில் மிகுதியானோர் ஷியா பிரிவின் ஒரு கிளையான இசுமாயிலி முசுலிம்கள். 11ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞரும் மெய்யியலாளருமான நாசிர் குஸ்ரோ தம் நாட்டில் இருக்க முடியாமல் பாமிரை ஒட்டிய பதக்ஷான் மலைப்பகுதிக்கு வந்து, அங்கேயே தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். அவரைத் தங்கள் சமயத்தின் ஆசானாக இன்றும் போற்றுகிறார்கள். அவர் பெயரில் வழங்கும் பாடல்களையும், ரூமி போன்ற பாரசீகக் கவிஞர்களின் பாடல்களையும் ருபாப் மீட்டிப் பாடுவதே மத்தோ. வீட்டில் பேசுவது சுக்னி, வாக்கி போன்ற மலைமொழிகள், பாடுவது பாரசீகத்தில். ஒருவர் மெல்லிய குரலில் பேச்சுப்போலத் தொடங்குவார். ருபாப் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருக்கும். தாளம் சிறிது சிறிதாக ஏறும். சில நேரம் தஃப் என்ற பெரிய வட்டப்பறையும் சேர்ந்துகொள்ளும். பாட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலும் போவதுண்டு.

இதற்கு மேடை இல்லை, வீடுதான் இடம். பாமிர் வீட்டின் நடுக்கூடத்தில் ஐந்து தூண்கள் நிற்கும். அவை நபிகள், அலி, பாத்திமா, ஹசன், உசேன் ஆகிய ஐவரைக் குறிப்பவை. கூரையின் நடுவே சதுரத்துக்குள் சதுரமாக நான்கு அடுக்குகள் எழும்பி, உச்சியில் வானம் தெரியும் திறப்பில் முடியும். நம் தொட்டிக்கட்டு வீட்டின் வாசலில் விழுவதுபோல் வெளிச்சம் மேலிருந்து நேராகக் கூடத்தில் விழும். அந்த வெளிச்சத்தின் கீழ் உறவினர் சுற்றி உட்கார்ந்திருக்க, பாடுபவர் ஒரு பக்கமாக அமர்ந்து வாசிப்பார்.

இறப்பு நேர்ந்த வீட்டில் ‘சரோக் ரவ்ஷன்’ என்ற சடங்கு உண்டு. விளக்கேற்றுதல் என்று பொருள். மூன்றாம் இரவில் பஞ்சைத் திரியாக முறுக்கி, நெய்யிலோ கொழுப்பிலோ நனைத்து, ஓதியபடி ஏற்றுவார்கள். இறந்தவரின் உயிருக்கு வழிகாட்டும் ஒளி என்பது நம்பிக்கை. அந்த இரவில் மத்தோகானின் ருபாப் ஒலிக்கும். சாவு வீட்டில் விளக்கேற்றி வைத்து, ஒருவரையொருவர் தழுவி ஒப்பாரி வைக்கும் நம் பெண்களை அறிந்தவருக்கு, விளக்கும் பாட்டும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதனின்று வேறான இன்னொரு வகை ‘பலக்’. வானம் என்றும், விதி என்றும் அச்சொல்லுக்குப் பொருள். கூலாப், பதக்ஷான் மலைப்பகுதிகளில் ஆணும் பெண்ணும் பாடுவது. பிரிவு, தாய், கைவிட்ட காலம், திரும்பாத பிள்ளை என இவைதான் அதன் பாடுபொருள்கள். வானத்தைப் பார்த்து ‘நீ ஏன் இப்படிச் செய்தாய்’ என்று கேட்கும் பாட்டு. வாத்தியமே இல்லாமலும் பாடலாம். ஒற்றை வாத்தியத்தோடும் பாடலாம். தஜிகிஸ்தானிலிருந்து ஏராளமான ஆண்கள் ருசியாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவதால், பல ஊர்களில் இது பழைய பாட்டாக இல்லாமல் இன்றைய வீட்டுச் செய்தியாகவே ஒலிக்கிறது. நூல் விலை ஏறித் தறி நின்றபோது ஊரை விட்டுப் போன பிள்ளைகளைப் பெற்ற சென்னிமலைத் தாய்மார்கள் மொழி தெரியாமலேயே இதைப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், நாமக்கல்: யுனெஸ்கோ பட்டியலில் ருபாப் இடம்பெற்றுள்ளதா?

ஆம். ருபாப் செய்யும் கலையும் வாசிக்கும் கலையும் 2024இல் ஆப்கானிஸ்தான், ஈரான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளின் பொது மரபாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பலக் 2021இல் தஜிகிஸ்தானின் பெயரில் சேர்ந்தது. நகரங்களின் செவ்வியல் இசையான ஷஷ்மகோம் 2008இலிருந்து தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் இரண்டின் பெயரிலும் உள்ளது.

தச்சு ஆசாரியார், காங்கயம்: நாற்பது ஆண்டுகளாகக் கதவும் நிலையும் செய்கிறேன். ஒரே கட்டையில் குடைவது என்று தாங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து கை பரபரக்கிறது. என்ன மரத்தில் செய்கிறார்கள்? நம் பக்கத்து மரத்தில் செய்ய முடியுமா?

ஆசாரியார் அவர்களே, இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் மகிழ்வித்த கடிதம் தங்களுடையது. ருபாப்பைப் பற்றி நான் சொல்ல விரும்பியதெல்லாம் இந்த மரத்தில்தான் இருக்கிறது.

அவர்கள் எடுப்பது வீட்டுத் தோட்டத்து மரங்களை: சர்க்கரை பாதாமி எனப்படும் ஆப்ரிகாட், அக்ரூட் எனப்படும் வால்நட், எல்லாவற்றுக்கும் மேலாக முசுக்கொட்டை. ஆம், நம் கோபியிலும் உடுமலையிலும் பட்டுப்புழுவுக்காகப் பயிரிடும் அதே மல்பெரி. தஜிக் மொழியில் அதன் பெயர் ‘துத்’. நம் விவசாயிக்குத் தேவை இலை என்பதால் மரமாக வளரவிடாமல் கவாத்து செய்துகொண்டே இருக்கிறோம். ஆகவே முசுக்கொட்டை என்றால் நமக்குச் செடிதான். பாமிரில் அதைப் பழத்துக்காக வளர்க்கிறார்கள். மலைச்சரிவில் கோதுமை விளையும் நிலம் மிகச் சிறிது. எனவே பழத்தைக் கூரையில் உலர்த்தி, இடித்து மாவாக்கிச் சேர்த்துவைத்து, தானியம் தீர்ந்த மாதங்களில் அதை உண்டே உயிர் காத்திருக்கிறார்கள். அப்படித் தலைமுறைகளுக்குச் சோறு போட்டு, முதுமையால் காய்ப்பு நின்ற மரம்தான் ஒருநாள் ருபாப்பாகிறது. ஒரு மரத்தை அந்த மக்கள் எவ்வளவு காலம் அறிந்த பிறகு அதில் உளி வைக்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

இனி, தங்கள் கேள்விக்கு வருகிறேன். நாம் வீணை செய்யும் பலாவும், அவர்கள் ருபாப் செய்யும் முசுக்கொட்டையும் தாவரவியலில் ஒரே குடும்பம். கொங்கு வழக்கில் சொன்னால் இரண்டும் ஒரே குலத்துப் பங்காளிகள். வெட்டினால் இரண்டிலும் பால் வடியும். நடுக்கட்டையான வைரம் இரண்டிலும் மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகள் போகப்போகச் செம்பழுப்பாகக் கறுக்கும். கனம் அதிகமில்லாமல், ஒலியை விழுங்காமல், உளிக்கு இசைந்து கொடுக்கும் குணமும் இரண்டுக்கும் பொது. நெடுந்தொலைவில் வாழ்ந்த, ஒருவரையொருவர் அறியாத இரண்டு தச்சர் கூட்டங்கள், தட்டிப் பார்த்தும் குடைந்து பார்த்தும் ஒரே குலத்து மரத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். முந்தைய பதிலில் ஈரோட்டு மாணவியிடம் வாத்தியங்களுக்குள் உறவில்லை என்று சொன்னேன். மரங்களுக்குள் உண்டு, அதை உறுதியாகச் சொல்லலாம்.

ஆகவே பலாவில் தயங்காமல் தொடங்கலாம். பண்ருட்டியிலிருந்து வீணைக்காரர்களுக்கு வரும் கட்டை போன்ற முதிர்ந்த, கணு இல்லாத கட்டையாகப் பாருங்கள். வெயிலில் போட்டு அவசரப்பட்டு உலர்த்த வேண்டாம். இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் வைத்தால் வெடிப்பு விழாது. முதலில் புறவடிவத்தை வாச்சியால் செதுக்கிக்கொண்டு, பிறகு உள்ளே குடையுங்கள். குடைவு குடத்தோடு நின்றுவிடாமல் தண்டியின் அடிப்பகுதிக்குள்ளும் ஏற வேண்டும். தண்டியின் குடைவைப் பலகையால் மூடி, குடத்தின் வாயை மட்டும் தோலுக்கு விட வேண்டும். சுவரின் பருமனை அளவுகோலால் மட்டும் பார்க்காமல் அவ்வப்போது விரல் கணுவால் தட்டிக் கேட்டுக்கொண்டே இளைக்க வேண்டும். கதவு நிலையில் உளுத்த இடத்தைத் தட்டியே கண்டுபிடிக்கும் கைக்கு இது புதிதாக இருக்காது. தோலுக்கு உடுக்கை கட்டுபவர்களைக் கேளுங்கள். ஈரத்தோலை எல்லாப் பக்கமும் சமமாக இழுத்து ஒட்டி, நிழலில் தானாக இறுகவிட வேண்டும். மெட்டு பதிக்கும் வேலை இல்லாததால், முதல் வாத்தியத்துக்கு இதைவிட நல்ல தேர்வு கிடைக்காது.

பலாவில் ஒன்று முடித்த பிறகு, முசுக்கொட்டையிலும் ஒன்று செய்து பார்க்கத் தங்களுக்கு ஆசை வரும். கோபி, உடுமலைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தங்கள் தோட்டத்துக் கிணற்றோரமோ வேலியோரமோ கவாத்துக்குத் தப்பி மரமாக வளர்ந்துவிட்ட முசுக்கொட்டை இருந்து, அதை எடுக்க நேர்ந்தால், விறகுக்குப் போடும் முன் இந்தப் பக்கத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். காங்கயத்து ஆசாரியாரிடம் சேர்ப்பிக்கிறேன்.